இடுப்புச் சாவி

முதல் விலா எலும்பு முறிந்த சத்தம் வடிவு டீச்சருக்கு முருங்கைக்காயைத்தான் ஞாபகப்படுத்தியது. சற்று முன்னால் அடுப்படியில் நின்று ஞாயிற்றுக்கிழமைச் சாம்பாருக்கு அதைத்தான் ஒடித்துக்கொண்டிருந்தாள், இதே சத்தம்தான், நாரோடு ஒடிகிற ஈரச் சத்தம், அப்போது மேடைமேல் கிடந்த போன் அலறியது, யாரோ கூப்பிடுகிற மணி இல்லை, மில் சங்கு மாதிரி ஒரு கூப்பாடு, உன் பக்கத்தில் ஒரு ஆளுக்கு இதயம் நின்றுபோயிற்று, ஓடு என்று அதற்கு அர்த்தம். ஆம்புலன்ஸுக்கு யாராவது போன் போட்டால், பயிற்சி எடுத்த தொண்டர்களில் யார் கிட்டத்தில் இருக்கிறார்களோ அவர்கள் போனும் இப்படி அலறும், வரைபடத்தில் ஒரு சிவப்புப் புள்ளி துடிக்கும், வண்டி வந்து சேருகிற வரைக்கும் இவர்கள் போய் நெஞ்சை அமுக்கிக்கொண்டிருக்க வேண்டும், அவ்வளவுதான் வேலை. புள்ளி எங்கே என்று பார்த்தால் பாளையங்கோட்டையில் அவள் குடியிருக்கிற அதே குடியிருப்புக்குள், எதிர் பிளாக்கில், தரைத்தள வீட்டில். அட, இந்த வீடா. ஒரு மூச்சு நின்றாள், பிறகு அடுப்பை அணைத்துவிட்டுச் செருப்பில்லாமல் ஓடினாள். ஓடிவந்து, குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர் குற்றாலிங்கம் அண்ணாச்சியை நாற்காலியிலிருந்து தரைக்கு இழுத்துப் போட்டு, பனியனைக் கிழித்து, நடு நெஞ்சில் இரண்டு கைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, முழங்கை மடங்காமல், பெண்கள் பள்ளியில் டிரில் சொல்லிக்கொடுக்கிற அதே குரலில் ஒண்ணு ரெண்டு மூணு நாலு என்று எண்ணி எண்ணி அமுக்கிக்கொண்டிருந்தாள். “பேப்பர் படிச்சிக்கிட்டு இருந்தாவ டீச்சர், டக்குனு கண்ணு சொருகி, கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்துச்சு, வலிப்புன்னுல்லா நெனச்சேன்,” என்று அவர் மனைவி பகவதியக்கா அவர் பக்கத்தில் குந்தியபடி சொன்னதையே சொல்லிக்கொண்டிருந்தாள். எலும்பு முறிந்தால் முறியட்டும், நிறுத்தக் கூடாது என்றுதான் பயிற்சியில் சொன்னார்கள், போய்ச் சேர்ந்தவனுக்கு எலும்பு முழுசாக இருந்து என்ன பிரயோசனம் என்றாள் அந்த டாக்டரம்மா, சிரித்துக்கொண்டே. சிரிக்க அவளுக்கென்ன, பயிற்சிக்குக் கொண்டுவந்த ரப்பர் பொம்மைக்கு எலும்பும் கிடையாது, பெண்டாட்டியும் கிடையாது, வடிவு டீச்சரோடு பகையும் கிடையாது.

பகைதான், வேறென்ன பேர் வைப்பது. ஒண்ணு ரெண்டு. வாசல் கேட்டில் எதிரே வந்தால் இவள் சுவரைப் பார்ப்பாள், அவர் வானத்தைப் பார்ப்பார், அப்படி. எல்லாம் அந்தப் பெட்டியால் வந்தது. நின்ற இதயத்துக்கு மின்சாரம் கொடுத்து ஓட வைக்கிற பெட்டி, டிபன் கேரியர் அகலம்தான் இருக்கும், அவளிடம் கோ-கோ ஆடிய பழைய பிள்ளைகள் எல்லாரும் சேர்ந்து வாங்கிக் கொடுத்தது, டீச்சர் இருக்கிற இடத்தில் இருக்கட்டும் என்று. அதை வாசல் கேட்டுக்குப் பக்கத்தில், மாடிப்படிச் சுவரில், பூட்டில்லாமல் மாட்ட வேண்டும், யாருக்கு எப்போது தேவையோ ஓடிவந்து எடுக்க வேண்டும் என்று அவள் சங்கக் கூட்டத்தில் எழுந்து சொன்னாள். பிள்ளைகள் விளையாடும், களவு போகும், கரண்டு சமாச்சாரம் என்று அண்ணாச்சி அதைக் கொண்டுபோய்ச் சங்கத்து அறையில் வைத்துப் பூட்டினார், கேரம்போர்டுக்கும் பிள்ளையார் சதுர்த்தி சீரியல் பல்புக்கும் நடுவில். இரும்புக் கதவு, அதில் திண்டுக்கல் பூட்டு, அந்தச் சாவி அவருடைய அரைஞாண் கயிற்றில். “கேட்டவுகளுக்குக் கேட்ட நேரத்துல தொறந்து குடுத்துட்டுப் போறேன், நான் எங்க போயிரப்போறேன்?” என்று வேட்டி மடிப்பைத் தட்டிக் காட்டினார், சபையே சிரித்தது. அதோடு விட்டாரா, “கண்ட ஆம்பள நெஞ்சுல கை வைக்கதுக்கு ஒரு பெட்டி வேறயாக்கும்,” என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொல்வது போல ஊருக்கே கேட்கச் சொன்னார். கல்யாணம் கட்டாமல் தனியாக இருக்கிறவளைப் பார்த்துச் சொல்ல வேண்டிய பேச்சா அது. வடிவு அப்படியே கேட்டுக்கொண்டு உட்காருகிற ரகம் இல்லை. “பயப்படாதீங்க அண்ணாச்சி, உங்க நெஞ்சு நின்னா நான் கை வைக்க மாட்டேன்,” என்றாள். அப்போதும் சபை சிரித்தது. இப்போது கையை எங்கே வைத்திருக்கிறாள் பார், அவருடைய நரைத்த நெஞ்சு முடிக்குள் அவள் விரல்கள் கிடக்கின்றன, அவர் வேர்வை அவள் உள்ளங்கையில் வழுக்குகிறது, விபூதி கரைந்து சேறாகியிருக்கிறது.

வாசலில் கூடியிருந்த தலைகளில் பாதிக்கு அந்தக் கூட்டத்தில் அவள் சொன்னது ஞாபகம் இருக்கும். இந்தப் பயம்தான் அவள் பிடரிக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு எண்ணிக்கையைக் கெடுத்தது. இவர் போய்விட்டால் என்ன சொல்வார்கள் என்று அவளுக்கு இப்போதே கேட்டது, தண்ணீர் பிடிக்கிற இடத்தில், கீரைக்காரி வண்டியில், மொட்டைமாடித் துணிக் கொடியில் எல்லாம் கேட்டது, மனசுல வச்சிருந்து அமுக்கிட்டா, விலாவைப் பூரா நொறுக்கிட்டா, நெஞ்சு வலியோட கிடந்த மனுஷன இவதான் முடிச்சு வச்சா. சொல்லட்டும். பதினொன்னு பன்னெண்டு. நாக்குக்கு வேலை வேண்டாமா, சொல்லிவிட்டுப் போகட்டும். போன் அலறினால் ஓடுகிறேன் என்று ஒத்துக்கொண்டபோது வேண்டியவன் வேண்டாதவன் என்று பார்த்தா ஒத்துக்கொண்டாள். இவர் சாகக் கூடாது, அவ்வளவுதான், இவரை இன்றைக்குச் சாக விட மாட்டாள், நல்ல மனுஷன் என்பதால் இல்லை, நல்ல மனுஷன் என்று யார் சொன்னது, மழைத் தண்ணீர் போகிற வாய்க்காலை அடைத்து ஸ்கூட்டர் நிறுத்த இடம் கட்டின ஆள், ஆனாலும் சண்டை பாதியில் நிற்கிறது. பாதிச் சண்டையில் எழுந்து போக இவருக்கு யார் அனுமதி கொடுத்தது. அப்போது அண்ணாச்சியின் வாய் தானாகப் பிளந்து கொர்ரென்று ஒரு காற்றை இழுத்தது, தரையில் போட்ட மீன் மாதிரி, பிறகு நெடுநேரம் ஒன்றுமில்லை, பிறகு இன்னொரு இழுப்பு. வாசலில் நின்ற பொன்னையா சார், ரிட்டயர்ட் தாசில்தார், எல்லாச் சாவு வீட்டிலும் முதல் ஆளாக நின்று பந்தலுக்கு ஆள் சொல்கிறவர், தொண்டையைச் செருமினார். “மேமூச்சு வாங்குது. டீச்சர், போதும் விடுங்க. யாராவது ஒரு சொட்டு பால ஊத்திருங்க, நிம்மதியாப் போவட்டும்.” உள்ளேயிருந்து யாரோ நிஜமாகவே தம்ளரோடு வந்துவிட்டார்கள். வடிவு தலையைத் திருப்பவில்லை. “பால் பக்கத்துல வந்துச்சு, தம்ளரோட சேத்து வீசிருவேன்! இது கடைசி மூச்சு இல்ல சார், இது மூச்சே இல்ல. நெஞ்சு நின்னா இப்படித்தான் வாய் தெறக்கும். இப்பதான் அமுக்கணும். ஆள் இன்னும் போகல, நீங்க அனுப்பி வைக்காதீங்க!” தம்ளர் பின்வாங்கியது. மைதானத்தில் நானூறு பிள்ளைகளை விசில் இல்லாமல் நிறுத்துகிற தொண்டை அது, இன்றைக்குத்தான் அதற்கு உருப்படியான வேலை.

வண்டி ரயில்வே கேட்டில் நிற்கிறது என்று யாரோ போனைப் பார்த்துச் சொன்னார்கள். அப்படியானால் பெட்டிதான். பெட்டி வந்தால் பிழைப்பார், வராவிட்டால் இந்த இரண்டு கைகளும் எத்தனை நேரம் தாங்கும், தோள்பட்டை இப்போதே தீயாக எரிகிறது, வலது முட்டி, அந்தப் பாழாய்ப்போன வலது முட்டி, மாவட்டப் போட்டியில் கோ-கோ கம்பத்தைப் பிடித்துத் திரும்பும்போது பிசகியது, இத்தனை வருஷம் கழித்து இந்தச் சிமெண்டுத் தரையில் வந்து கணக்குத் தீர்க்கிறது. மூன்றாம் மாடி மீரான் பாய், டயர் கடைக்காரர், நல்ல ஓட்டக்காரர், அவரைத்தான் வந்தவுடன் சாவிக்கு விரட்டினாள். அவர் அண்ணாச்சியின் இடுப்பைத் தடவிப் பார்த்தார், அரைஞாண் கயிறு இருக்கிறது, கொக்கி இருக்கிறது, சாவிக்கொத்து இல்லை. டிவி மேல் இல்லை, பூஜை அலமாரியில் இல்லை, சட்டைப் பையில் இல்லை, ஆணியில் காலண்டர்தான் தொங்குகிறது. “எக்கா, சாவி எங்கக்கா, அண்ணாச்சி எங்க வப்பாவ?” என்று அவர் பகவதியக்காவைக் கெஞ்சினார். “இடுப்புலதான் தம்பி, குளிக்கும்போதுகூட இடுப்புலதான்,” என்றாள் அவள், அழுகை அதற்குமேல் பேச விடவில்லை. சங்கத்து அறைப் பக்கம் யாரோ கருங்கல்லால் பூட்டை அடிக்கிற சத்தம் கேட்டது, ணங், ணங், திண்டுக்கல் பூட்டா அதற்கெல்லாம் மசியும், அந்தச் சத்தம் வேறு அவள் எண்ணிக்கையோடு சேராமல் குறுக்கே குறுக்கே விழுந்தது. ஏழு எட்டு. ணங். கல் இரும்பில் படுகிற சத்தம். இரும்பு. எதையோ மறந்துவிட்டாள். வந்ததிலிருந்து எதுவோ முள் மாதிரி உள்ளே தைத்துக்கொண்டே இருக்கிறது, எடுக்கப் போனால் ஆழமாகப் போகிறது. வலிப்புன்னுல்லா நெனச்சேன் என்றாளே. வெட்டி வெட்டி இழுத்துச்சு என்றாளே. இதயம் நிற்கிற நேரத்தில் உடம்பு அப்படி ஒரு தரம் வெட்டும், பார்க்கிறவர்கள் வலிப்பு என்று நினைத்து நேரத்தைக் கோட்டை விடுவார்கள் என்று பயிற்சியில் சொன்னதுதான், அதுவா முள், அது இல்லை. சுடலை. தம்பி சுடலை எதற்கு இப்போது ஞாபகத்துக்கு வருகிறான், அவன் மும்பையில் மூன்று பிள்ளை பெற்றுத் தொந்தி வைத்து மாத்திரை போட்டுக்கொண்டு சௌக்கியமாக இருக்கிறான். சின்னதில் அவனுக்கு நிஜ வலிப்பு. ரேஷன் கடை வரிசையில் விழுவான், பஸ் ஸ்டாண்டில் விழுவான், பள்ளிக்கூடப் பிரேயரில் விழுவான், விழுந்தால் போதும், இரும்பு குடு இரும்பு குடு என்று ஊரே கத்தும், அரிவாளா, தோசைக் கரண்டியா, எது கிடைத்ததோ அதைக் கையில் திணித்து விரலை மடக்கிப் பிடித்துக்கொள்வார்கள், இரும்பு இருந்தால் வலிப்பு இறங்கிவிடுமாம். இறங்கும்தான், சும்மா விட்டாலும் இறங்கும். முழித்து எழுந்ததும் அவன் உள்ளங்கையை மோந்து பார்ப்பான், முகத்தைச் சுளிப்பான், துரு வாசம்க்கா என்பான். ஒருநாள் மார்க்கெட் பக்கம் விழுந்தான், போகிற வழியில் ஒரு மனுஷன் சைக்கிளை நிறுத்திப் பூட்டிவிட்டு வந்து இவன் கையில் எதையோ திணித்து அமுக்கிப் பிடித்தார், இழுப்பு நின்றதும் இவள் தம்பியை இடுப்பில் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டாள், அங்கே அந்த மனுஷன் பூட்டின சைக்கிளைப் பிடித்துக்கொண்டு சாவியைக் காணோம் சாவியைக் காணோம் என்று சாயங்காலம் வரைக்கும் சாக்கடையில் குச்சியை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தார், பாவம், தூக்கத்தில் இருந்த சுடலையின் விரலை அம்மா பிரித்துப் பார்த்தபோது

ணங் என்றது பூட்டு. வடிவின் கை நிற்கவில்லை, கண் மட்டும் நகர்ந்தது. அண்ணாச்சியின் வலது கை எங்கே. வந்ததிலிருந்து அந்தக் கையை அவள் பார்க்கவே இல்லை. அதைப் பகவதியக்கா தன் இரண்டு கைகளாலும் மூடிப் பிடித்து, மார்போடு அணைத்து வைத்திருந்தாள், விரல் முட்டியெல்லாம் வெளுத்துப்போகிற அளவுக்கு. “எக்கா, அண்ணாச்சி கையில என்ன குடுத்தீங்க?” பகவதியக்கா விழித்தாள். “எக்கா! வலிப்புன்னு நெனச்சீங்கல்லா, அப்ப இரும்பு எதும் குடுத்தீங்களா?” அவள், “ஆமா டீச்சர், அவசரத்துல வேற என்னத்த, இடுப்புல கெடந்ததத்தான்,” என்று சொல்லிவிட்டு, தான் சொன்னது தனக்கே கேட்டது போலக் கையை இன்னும் இறுக்கிக்கொண்டாள். ஊரெல்லாம் தேடுகிற சாவியை மார்பில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், மகராசி. கோபம் வந்தது, சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது, மூன்றுக்கும் நேரமில்லை. “கைய விடுங்க எக்கா.” “மாட்டேன் டீச்சர். விட்டா போயிருவாவ. பிடிச்சிருக்கதுனாலதான் இம்புட்டு நேரம் இருக்காவ.” அடிப் பாவி, பிடித்துக்கொண்டிருப்பது நீயா நானா என்று கேட்கத்தான் நாக்கு துடித்தது. கேட்கவில்லை. அந்த முகத்தைப் பார்த்து அதைக் கேட்க முடியாது. இவளும் தனக்குத் தெரிந்த வழியில் அமுக்கிக்கொண்டுதான் இருக்கிறாள், நம்பிக்கையை முழுக்க அந்த முஷ்டிக்குள் வைத்து. “எக்கா, நான் பிடிச்சிருக்கேன். என் ரெண்டு கையும் அவுக மேலதான் இருக்கு. நான் விட மாட்டேன். நான் விடாத வரைக்கும் போக மாட்டாவ, நான் சொல்லுதேன், என்னைப் பாருங்க. நீங்க விடுங்க.” ஒவ்வொரு அமுக்குக்கும் ஒவ்வொரு வார்த்தையாக அது வந்தது. பகவதியக்கா அவளையே பார்த்தாள். பிறகு ஒரு விரல், பிறகு இன்னொன்று. மீரான் பாய் கொத்தைப் பறித்துக்கொண்டு ஓடிய ஓட்டத்தை வடிவு காதால்தான் பார்த்தாள், கல் சத்தம் நின்றது, கதவு கிறீச்சிட்டது, கேரம்போர்டு சரிந்து விழுந்தது.

பெட்டி வந்தது. மூடியைத் திறந்ததும் அதற்குள்ளிருந்து ஒரு பெண் குரல் பதற்றமே இல்லாமல் இங்கிலீஷில் பேச ஆரம்பித்தது, பக்கத்தில் ஒரு ஆள் செத்துக்கொண்டிருப்பது அவளுக்குத் தெரியாது போல. ஒட்டு வில்லைகளை எங்கே ஒட்டுவது என்று படம் போட்டிருந்தது, மீரான் பாயே வேர்வையைத் துடைத்து ஒட்டினார், ஒன்று வலது தோளுக்குக் கீழே, ஒன்று இடது விலாவில். யாரும் தொடக் கூடாது என்றது குரல். வடிவு கையைத் தூக்கினாள். இத்தனை நேரம் அவர் செத்திருந்தார் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது, இந்த அமுக்கல் நின்றால் அவர் வெறும் சாமான், அவ்வளவுதான். பார்த்தால் பகவதியக்கா அந்த வெறும் கையை மறுபடி பிடித்திருக்கிறாள். “எக்கா!” இந்தத் தடவை சொல்ல வேண்டியிருக்கவில்லை, அவளே கையைத் தரையில் வைத்தாள், தூங்குகிற குழந்தையின் கையை வைக்கிற மாதிரி, வைத்துவிட்டுத் தன் வாயைப் பொத்திக்கொண்டாள். வடிவு பொத்தானை அமுக்கினாள். அண்ணாச்சி ஒரு தரம் துள்ளி விழுந்தார். குரல் மறுபடி அமுக்கு என்றது. அவள் விழுந்து அமுக்கினாள். ஒண்ணு ரெண்டு. எந்திங்க அண்ணாச்சி. மூணு நாலு. சபையில் வைத்துச் சொன்னீரே, கண்ட ஆம்பளை நெஞ்சு என்று, உம்முடைய நெஞ்சில்தான் கை வைத்திருக்கிறேன், இதோ வைத்திருக்கிறேன், ஊரே பார்க்க வைத்திருக்கிறேன், தைரியம் இருந்தால் எழுந்து கேளும். ஏழு எட்டு. பொன்னையா சார் பந்தலுக்குச் சொல்லியிருந்தால் திருப்பி அனுப்பட்டும். பத்து. வாய்க்கால் அடைப்பை உடைக்காமல் உம்மை விட மாட்டேன், பெட்டியை வெளியே மாட்டாமல் உம்மை விட மாட்டேன், மரியாதையாக எழுந்து வந்து இல்லை என்று சொல்லும், முடியாது என்று சொல்லும், என்னத்தையாவது சொல்லும்.

அப்போது எதுவோ அவள் மணிக்கட்டைத் தொட்டது. அவள் எண்ணிக்கொண்டேயிருந்தாள். மறுபடி தொட்டது, தொட்டது இல்லை, தள்ளியது. சாவி அச்சு பதிந்து சிவந்திருந்த அந்த வலது கை தரையிலிருந்து எழுந்து, தட்டுத் தடுமாறி, அவள் கையை அப்பால் தள்ளிக்கொண்டிருந்தது. தொண்டையிலிருந்து முனகல் ஒன்று வந்தது, வலியா கோபமா தெரியவில்லை, வடிவுக்குக் கோபம் போலத்தான் கேட்டது, சங்கக் கூட்டத்தில் அவள் எழுந்தாலே வருகிற அதே முனகல். உலகத்தில் ஒருத்தரும் அவள் கையை இத்தனை இன்பமாகத் தள்ளியதில்லை. “தள்ளுதீங்களா அண்ணாச்சி? தள்ளுங்க. நல்லாத் தள்ளுங்க,” என்றாள், கண்ணீர் மூக்கு நுனி வழியாக அவர் நெஞ்சிலேயே சொட்டியது. அதற்குப் பிறகு சைரன், காக்கி உடுப்பு, ஸ்ட்ரெச்சர், ஆக்ஸிஜன், விலகுங்க விலகுங்க என்கிற சத்தம். நாடி இருக்கு, ஆனா ஒண்ணும் சொல்ல முடியாது, ஆஸ்பத்திரியில பாத்துத்தான் சொல்லணும் என்றான் வண்டியோடு வந்தவன். அவள் எழ முயன்றாள், வலது முட்டி எழ மாட்டேன் என்றது, மீரான் பாய்தான் தூக்கி நிறுத்தினார், நிறுத்திவிட்டுச் சாவிக்கொத்தை அவளிடம் நீட்டினார். பொன்னையா சார் உடனே முன்னால் வந்தார். “அது சங்கத்துச் சாவி டீச்சர். ரூமப் பூட்டிட்டுப் பகவதிகிட்ட குடுத்துருங்க, அதான் முறை.” வண்டியில் ஏறப்போன பகவதியக்கா திரும்பி நின்று பார்த்தாள், கையை நீட்டவில்லை. வடிவு கொத்தை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள், அவர் சூடோ இவள் சூடோ, இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது, சுடலை சொன்ன துரு வாசமும் இருந்தது. ஆஸ்பத்திரி வரைக்கும் தாங்குவாரா, நாளைக் காலை வரைக்கும் தாங்குவாரா, ஒன்றும் தெரியாது. அதனால்தான் அவள் அதைத் தன் இடுப்பில், சேலைக் கொசுவத்துக்குப் பக்கத்தில், இறுக்கமாகச் செருகிக்கொண்டாள்.

“சாவி எங்கிட்டதான் இருக்கும். ரூமு தொறந்தே கெடக்கட்டும், பெட்டிய இன்னைக்கே படிச் சுவத்துல மாட்டுதேன். இதுல மறுப்பு இருந்தா, அண்ணாச்சியே எந்திச்சு வந்து எங்கிட்ட சண்ட போட்டுச் சாவிய வாங்கிக்கிடட்டும்,” என்றாள் வடிவு, வண்டிக்குள்ளே கிடந்தவருக்கும் கேட்கிற குரலில். பிறகு பகவதியக்காவைப் பார்த்துச் சொன்னாள்: “வருவாவ எக்கா. எங்க போயிரப்போறாவ?”